குட்டைக் குழலும் பெரிய தோட்டாவும்

1948 ஜூன் மாதம் தொடங்கி 1960 ஜூலை 31ஆம் நாள் வரை நீடித்த அவசரகாலத்தில், ஜொகூர்த் தோட்டங்கள் பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். முட்கம்பி வேலியும் ஊரடங்குச் சட்டமும் அரிசிக் கட்டுப்பாடும் எல்லோரும் அறிந்த கதை. அந்நாளில் காட்டுக்குள் நுழைந்த படையினரின் தோளில் தொங்கிய ஒரு துப்பாக்கியைப் பற்றி இன்று பேசலாம்.

அதை ‘ஜங்கிள் கார்பைன்’ என்பார்கள். பிரிட்டிஷ் படையின் வழக்கமான லீ என்ஃபீல்டு நாலாம் எண் ரைபிளின் குழல் 25 அங்குலத்துக்குச் சற்று அதிகம். எடை ஏறக்குறைய 9 ராத்தல். பிரம்புக் கொடியும் முள்ளும் பின்னிக் கிடக்கும் காட்டில் அது அடிக்கொரு தரம் சிக்கிக்கொள்ளும். ஆகவே 1944இல் குழலை 19 அங்குலத்துக்கும் குறைவாகக் குறுக்கினார்கள். எடையும் 7 ராத்தல் அளவுக்கு இறங்கியது. ஆனால் தோட்டா மட்டும் அதே பழைய 303தான். சங்கடம் அங்கேதான் பிறந்தது.

தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் அந்தத் தள்ளலின் முழுப் பயன். நீண்ட குழலுக்கென்று செய்த தோட்டாவைக் குட்டைக் குழலில் போட்டால், விசையின் ஒரு பகுதி வாய்வழியே தீயாகவும் பேரிரைச்சலாகவும் வீணாகிறது. குண்டின் வேகமும் குறைகிறது. துப்பாக்கி இலேசானதால் தோளில் இடி பலமாக விழுகிறது. தீயை மறைக்க வாயில் ஒரு புனலை மாட்டினார்கள். இடியைத் தாங்க அடிக்கட்டையில் ரப்பர் வைத்தார்கள். ரப்பரைப் பற்றி நமக்கா தெரியாது! அது ஒடுக்கமாகவும் கெட்டியாகவும் இருந்ததால் தோள் வலிதான் மிஞ்சியது. குறி நிலைத்து நிற்கவில்லை என்றும் முறையிட்டார்கள். 1947இல் உற்பத்தி நின்றது. ஆயினும் மலாயாக் காட்டில் அது பல ஆண்டுகள் உழைத்தது.

அதே காட்டில் அமெரிக்க எம்-1 கார்பைனும் இருந்தது. அதன் குழலும் 18 அங்குலம்தான். ஆனால் அதற்கென்றே சிறிய தோட்டாவைச் செய்திருந்தார்கள். 303 குண்டு 11 கிராமுக்கு மேல். இதன் குண்டோ 7 கிராம். இடி குறைவு, எடையும் குறைவு. தொலைவுக்கு ஆகாது. ஆனால் முப்பது கஜத்துக்கு அப்பால் கண்ணே போகாத காட்டில் தொலைவு எதற்கு?

மலைச்சரிவில் வேட்டையாடுபவனுக்கு அது போதாது. தூக்கிக்கொண்டு ஏற இலேசாகவும் வேண்டும், தொலைவும் வேண்டும். இந்தியாவின் குமாவுன் மலைகளில் ஜிம் கார்பெட் வைத்திருந்த 275 ரிக்பி இதற்கு நல்ல சான்று. அதன் 7 மில்லிமீட்டர் குண்டு ஒல்லியாகவும் நீளமாகவும் இருக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் வேகம் மெல்லத்தான் குறையும். மருந்தும் அளவோடு இருப்பதால் இடி தாங்கக்கூடியது.

சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை வீழ்த்தியதற்காக 1907இல் அவருக்குக் கிடைத்த பரிசு அந்த ரைபிள். அப்பெண்புலி 436 பேரைக் கொன்றதாக அந்நாளைய கணக்கு. கடைசியாக இறந்தவள் விறகு பொறுக்கப் போன ஒரு பெண். செத்த புலியின் வாயைப் பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு எவனோ சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போனதால்தான் அது மனிதரிடம் திரும்பியது என்றார் கார்பெட். சுட்டவன் வீட்டுக்குப் போய்விட்டான். விலை கொடுத்தவர்கள் விறகுக்குப் போனவர்கள்.

ஜொகூர் சுல்தான் இப்ராஹிமும் பேர்பெற்ற புலி வேட்டைக்காரர். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று புலியைச் சுடுவது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; தீபகற்பத்தில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்று 2022இல் அறிவித்தார்கள். விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் காட்டோர நிரையில் இரத்தத் தடத்தையோ நொண்டி நடந்த அடித்தடத்தையோ கண்டால், பின்தொடர வேண்டாம். கூட்டமாகத் திரும்பி வந்து, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குச் சொல்லி அனுப்புங்கள்.