உப்பும் பட்டாடையும்

மரக்காணத்து உப்பளப் பாத்திகளில் கோடை வெயிலில் விளையும் உப்பு எதற்குப் பயன்படும் என்றால், சமையலுக்கும் கருவாட்டுக்கும் என்போம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய பாரிஸ் சீமாட்டிகளின் புகைப்படங்களுக்கும் இதே பொருள் தேவைப்பட்டது. தெற்கே உள்ள புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததால், மரக்காணத்து உப்பு கப்பலேறிப் போயிற்று என்று எண்ணிவிட வேண்டாம். இங்கும் அங்கும் இருந்தது சோடியம் குளோரைடு, அவ்வளவே.

உப்புநீரில் நனைத்து உலர்த்திய தாளின்மேல் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைப் பூசினால் வெள்ளி குளோரைடு உண்டாகும். வெயில் பட்டால் அது கறுத்துவிடும். டாகேர் 1837-இல் தம் வெள்ளித் தகட்டு உருவம் அழியாதிருக்க நாடியதும் உப்புக் கரைசலையே. 1850-இல் பிளாங்கார்-எவ்ரார் முட்டை வெண்கருவில் உப்பைக் கலந்து தாளில் பூசினார், படம் பளபளத்தது. ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குத் திஸ்தேரி 1854-இல் காப்புரிமை பெற்றதும் விலை இறங்கிற்று. நடுத்தரக் குடும்பப் பெண்களும் படம் எடுக்க வந்தனர்.

அன்றைய தகட்டுக்கு ஒரு குறை உண்டு. நீல ஒளியையே அது நன்கு உணரும். மஞ்சளும் சிவப்பும் அதற்கு இருட்டு. வானநீலப் பட்டு வெளுத்து விழும். எலுமிச்சை மஞ்சள் ஆடை கறுத்துப்போகும். ஆகவே எந்நிறம் உடுத்தி வரவேண்டும் என்று படக்காரர்கள் சொல்லலாயினர். மடிப்புக்கு மடிப்பு மினுங்கும் பட்டுக்கு மதிப்புக் கூடியது. தலை அசையாதிருக்கப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி. அதன் அடிக்கட்டையை அகன்ற வளையப் பாவாடை மறைத்துக்கொள்ளும். பழைய படங்களில் காணும் அசைவற்ற அடக்கத்தைப் பெண்மையின் இயல்பு என்று நினைக்கிறோமே, அதில் தாங்கிக்கும் பங்குண்டு!

சொன்னபடி நிற்காதவர்களும் இருந்தார்கள். இத்தாலியிலிருந்து வந்த கஸ்திலியோனே சீமாட்டி, 1856 முதல் சுமார் நாற்பது ஆண்டுகளில் பியர்சோன் என்பவரைக் கொண்டு நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்துக்கொண்டார். உடையும் நிலையும் கோணமும் அவர் முடிவே. ஒரு படத்தில், முட்டை வடிவச் சட்டத்தைக் கண்ணருகே பிடித்து, அதன் வழியே நம்மை நோக்குகிறார். சில படங்களுக்கு எங்கே எந்த வண்ணம் தீட்ட வேண்டும் என்றும் குறிப்பு எழுதித் தந்தார். தகடு விழுங்கிய நிறம் இப்படித் திரும்பி வந்தது.

நம் நாட்டிலும் அத்தகடுகள் இதே வேலையைத்தான் செய்தன. மஞ்சள் பூசிக் குளித்த முகம் கறுத்துத் தெரியும்; குங்குமப் பொட்டு கரும்பொட்டாகும். சில சாயங்களைச் சேர்த்தால் தகடு மற்ற நிறங்களையும் உணரும் என்று பெர்லினில் ஃபோகல் 1873-இல் கண்டார். ஆனாலும் சிவப்பையும் உணரும் தகடு விற்பனைக்கு வர 1906 ஆயிற்று.