பருவம் சுருங்கியபோது: பிரிட்டனின் புறாப் பந்தய நாட்காட்டி

பிரிட்டனில் புறாப் பந்தயப் பருவம் இரண்டு பகுதிகளாக அமைந்தது. ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூலை வரை நீளும் முதற்பகுதி, முந்தைய ஆண்டுகளில் பொரித்த மூத்த புறாக்களுக்கு உரியது. ஜூலை பிற்பகுதியில் தொடங்கிச் செப்டம்பர் நடுவில் முடியும் இரண்டாம் பகுதி, அதே ஆண்டில் பொரித்த இளம் புறாக்களுக்கு உரியது. சங்கங்கள் கூடித் தேதி குறிப்பதால் இது முழுக்க மனிதர் வகுத்த ஒழுங்கு போலத் தோன்றினாலும், இந்த நாட்காட்டியின் எல்லைகளைத் தீர்மானிப்பவை புறாவின் முட்டையும் சிறகும், வட நாட்டுக் கோடையின் நீண்ட பகலுமே ஆகும். வழக்கமான ஆண்டுகளில் இந்த உண்மை எவர் கண்ணிலும் படுவதில்லை. போரோ தொற்றுநோயோ குறுக்கிட்டுப் பருவத்தின் ஒரு பகுதியை விழுங்கிவிடும்போதுதான், எஞ்சிய வாரங்களை மூத்தவற்றுக்கும் இளையவற்றுக்கும் எவ்வாறு பங்கிடுவது என்ற கேள்வி எழுகிறது. அக்கேள்விக்குக் காணப்பட்ட விடைகளில் இக்கலையின் இரு நூற்றாண்டு அறிவு திரண்டு நிற்கிறது.

கூடு திரும்பும் புறாவைப் பந்தயப் பறவையாக உருவாக்கிய பெருமை பெல்ஜியத்துக்கு உரியது. பாறை இடுக்குகளில் வாழும் காட்டுப் புறாவிலிருந்து தோன்றிய பல வளர்ப்பினங்களை லீஜ், ஆண்ட்வெர்ப் ஆகிய நகரங்களைச் சேர்ந்தோர் ஒன்றோடொன்று கலந்து, வீடு திரும்பும் நாட்டமும் நெடுந்தூரம் பறக்கும் வலுவும் ஒருங்கே வாய்ந்த ஓர் இனத்தைப் பெற்றனர். தமிழ்நாட்டில் புறா வளர்ப்போர் ‘ஹோமர்’ என்று அழைப்பது இந்த இனத்தையே. 1818இல் 100 மைலுக்கு மேற்பட்ட தூரப் பந்தயம் பெல்ஜியத்தில் நடந்தது. 1820இல் பாரிஸிலிருந்து லீஜுக்கும், 1823இல் லண்டனிலிருந்து பெல்ஜியத்துக்கும் புறாக்கள் போட்டியிட்டுப் பறந்தன. 1870–71இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டிருந்தபோது, பலூன்களில் நகரைவிட்டு வெளியே கொண்டுசெல்லப்பட்ட புறாக்கள் நுண்படச் சுருள்களில் செய்தி சுமந்து திரும்பியதால், இந்தப் பறவையின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது.

பிரிட்டனில் 1880களில் பந்தயங்கள் ஒழுங்காக நடைபெறத் தொடங்கின. 1886இல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்குப் பந்தயப் புறாக்களைப் பரிசளித்தார். 1899இல் ஷெட்லாந்துத் தீவுகளின் லெர்விக் நகரிலிருந்து நடந்த தேசியப் பந்தயத்தில் அரச குடும்பத்தின் புறா ஒன்று முதலிடம் பெற்றது. எனினும் இந்த விளையாட்டின் உயிர்நாடி சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் வாழ்ந்த வடக்கு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஊர்களில் இருந்தது. 1896இல் தேசிய ஹோமிங் யூனியன் தோன்றியது. இன்றைய ராயல் புறாப் பந்தயச் சங்கம் அதன் தொடர்ச்சியே. வெள்ளிக்கிழமை மாலைகளில் புறாக்கூடைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட சிறப்பு ரயில்கள் தொலைவிலுள்ள நிலையங்களை அடைய, அங்கே ரயில்வே ஊழியர்கள் குறித்த நேரத்தில் கூடைகளைத் திறந்துவிட்டு, நேரத்தையும் காற்றின் நிலையையும் எழுதி அனுப்பினர். பின்னாளில் ரயிலின் இடத்தைப் புறாக்களுக்கென்றே கட்டப்பட்ட லாரிகள் பிடித்தன. ஆயினும் ஒரே திசையில், வாரத்துக்கு வாரம் மேலும் தொலைவுக்குச் செல்லும் பந்தயப் பாதை என்ற அமைப்பு மாறவில்லை.

இந்தப் பாதையின் தர்க்கம் எளிமையானது. பருவத்தின் முதல் பந்தயம் 60 அல்லது 80 மைல் தொலைவிலிருந்து நடக்கும். அடுத்தடுத்த வாரங்களில் தூரம் படிப்படியாகக் கூடி, பகல் மிக நீண்டிருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் 500 மைலையும் அதற்கு அப்பாலும் எட்டும். ஒவ்வொரு புறாவின் கூடும் வெவ்வேறு தொலைவில் இருப்பதால், முதலில் வந்து சேர்ந்தது எது என்று பார்க்காமல், பறந்த தூரத்தைக் கெஜக் கணக்கில் அளந்து, எடுத்துக்கொண்ட நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை கெஜம் என்ற வேகத்தைக் கொண்டே வெற்றி முடிவு செய்யப்படுகிறது. நிமிடத்துக்கு 1,760 கெஜம் என்பது மணிக்கு 60 மைலுக்குச் சமம். இளம் புறாக்களுக்கும் இதே கணக்குதான். ஆனால் அவற்றின் பாதை குறுகியது, பெரும்பாலும் 200 மைல் அளவில் நின்றுவிடுவது. அவை பரிசுக்காகப் பறப்பதைவிடப் பாடம் கற்பதற்காகப் பறக்கின்றன என்று சொல்வது பொருந்தும்.

மூத்தது எது, இளையது எது என்ற ஐயத்துக்கு இடமில்லாதபடி அதைத் தீர்த்துவைப்பது வளையம். குஞ்சு பொரித்து ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்போது, இணைப்பே இல்லாத ஓர் உலோக வளையம் அதன் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக் காலில் நுழைக்கப்படுகிறது. சில நாட்களில் கால் பருத்துவிடுவதால் பிறகு அதைக் கழற்றவும் முடியாது, புதிதாக மாட்டவும் முடியாது. வளையத்தில் பொறித்த ஆண்டே புறாவின் பிறப்புச் சான்று. ஜனவரி மாதம் பொரித்ததும் ஜூன் மாதம் பொரித்ததும் அந்த ஆண்டுக்கு இளம் புறாக்களே. ஆண்டு மாறியதும், ஒரு பந்தயமும் பறக்காததுகூட மூத்த புறாக்களின் வரிசைக்குப் போய்விடும்.

பருவத்தின் உண்மையான எல்லையைப் புறாவின் உடலில்தான் தேட வேண்டும். பழைய வழக்கப்படி பிப்ரவரி நடுவில் ஆணும் பெண்ணும் ஒரே கூட்டில் இணை சேர்க்கப்படுகின்றன. சுமார் 10 நாட்களில் இரண்டு முட்டைகள் இடப்பட்டு, பதினேழு அல்லது பதினெட்டு நாள் அடைகாத்தபின் குஞ்சுகள் வெளிவந்து, நான்கு வாரத்துக்குள் தாமாக இரை தின்னப் பழகிவிடும். இரண்டாம் முறை அடைகாக்கும் காலத்தில் பெற்றோரின் சிறகுதிர்வு தொடங்குகிறது. ஒவ்வொரு சிறகிலும் பறப்புக்கு ஆதாரமான முதன்மைச் சிறகுகள் பத்து உண்டு. உட்புறத்தில் உள்ளது முதலில் விழுந்து, அதனிடத்தில் புதியது வளர்ந்து வரும்போது அடுத்தது விழும் முறையில், கோடைத் தொடக்கத்திலிருந்து இலையுதிர்காலம் வரை இந்த மாற்றம் நீடிக்கிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் உடல் இறகுகளும் சேர்ந்து உதிர்வதால், அப்போது புறாவின் உணவும் ஊக்கமும் புதிய இறகுகளுக்கே செலவாகின்றன. வெளிப்புறச் சிறகுகள் பாதி வளர்ந்த நிலையில் உள்ள பறவையை நெடுந்தூரம் அனுப்புவது அதற்கு இழைக்கும் தீங்காகும்.

இந்த எல்லையைச் சற்றே நகர்த்த மனிதர் இரண்டு வழிகளைக் கண்டனர். பெல்ஜியத்திலிருந்து வந்த துணைப் பிரிப்பு முறையில், ஒருமுறை குஞ்சு வளர்த்தபின் ஆணையும் பெண்ணையும் பிரித்துவைத்து, பந்தயத்துக்குப் புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் மட்டுமே அவை சந்திக்க விடப்படுகின்றன. துணையைத் தேடும் வேட்கை வேகத்தைக் கூட்டுவதோடு, அடைகாத்தல் இல்லாததால் சிறகுதிர்வும் தள்ளிப்போகிறது. இளம் புறாக்களுக்கு உரிய இருட்டு முறையில், வசந்தத்தில் தொடங்கி ஜூன் மாதத்தின் நெடும்பகல் வரை, மாலையிலிருந்து மறுநாள் காலை வரை கூண்டு இருட்டாக்கப்படுகிறது. பகல் குறுகியதாக உணரும் பறவை இறகு உதிர்ப்பதைத் தள்ளிவைப்பதால், ஆகஸ்டுப் பந்தயங்களில் அதன் இறகுப் போர்வை குறைவின்றி இருக்கிறது. இரு முறைகளுமே சில வாரங்களைத்தான் ஈட்டித் தருகின்றன.

இத்தகைய நாட்காட்டியை முதன்முதலில் நாடு தழுவிக் குலைத்தது முதலாம் உலகப் போர். புறா எதிரிக்குச் செய்தி கொண்டுசெல்லக்கூடும் என்ற அச்சத்தால், நாட்டுப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்கீழ் புறா வளர்ப்பதற்கே அனுமதி பெற வேண்டியதாயிற்று. பிரெஞ்சு மண்ணிலிருந்து நடந்துவந்த நெடுந்தூரப் பந்தயங்கள் நின்றன. ‘தி ரேசிங் பிஜியன்’ இதழை 1898இல் நிறுவிய ஆல்ஃபிரட் ஆஸ்மன், நாட்டின் புறாக்களைப் படைக்கு உதவச் செய்யும் பணிக்குத் தலைமை ஏற்றார். மூத்த, இளம் புறாக்களுக்கு இடையிலான வேறுபாடு அப்போது புதிய பொருள் பெற்றது. பிறந்த கூட்டை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்ட மூத்த புறா, விமானத்திலோ படகிலோ எடுத்துச் சென்று விட்டால் தன் வீட்டுக்கே திரும்பும். போர்முனையில் இடம் மாறிக்கொண்டிருந்த நடமாடும் கூண்டுகளுக்கோ, இன்னும் எந்தக் கூட்டையும் தன்னுடையதாகக் கொள்ளாத குஞ்சுகளே தேவைப்பட்டன. பந்தயங்கள் தடைப்பட்ட ஆண்டுகளிலும் குஞ்சு வளர்ப்பு நின்றுவிடாமல் இருந்ததற்கு இத்தேவை ஒரு காரணமாயிற்று.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஏற்பாடு மேலும் விரிவடைந்தது. தேசியப் புறாப் பணி என்ற அமைப்பின் வாயிலாகப் பொதுமக்கள் ஏறத்தாழ 2 லட்சம் புறாக்களைப் படைகளுக்கு வழங்கினர். தானியப் பங்கீடு நிலவிய காலத்தில் அப்பணியில் சேர்ந்தோருக்குப் புறாத் தீனி ஒதுக்கப்பட்டது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையோரம் சென்ற கப்பலிலிருந்து ராய்ட்டர்ஸ் செய்தியாளர் ஒருவர் பறக்கவிட்ட ‘குஸ்தாவ்’ என்ற புறா, படை இறங்கிய செய்தியை எதிர்க்காற்றினூடே 150 மைல் சுமந்து 5 மணி 16 நிமிடத்தில் இங்கிலாந்து சேர்ந்து, பின்னர் போரில் பணியாற்றிய விலங்குகளுக்கான டிக்கின் பதக்கம் பெற்றது. பந்தயக் கணக்கில் அது நிமிடத்துக்குச் சுமார் 835 கெஜம் மட்டுமே; பரிசுப் பட்டியலில் இடம்பெறும் வேகமன்று. அதன் வளைய எண்ணில் உள்ள 42 என்பது பிறந்த ஆண்டைக் குறிப்பதால், போர் நடுவே பொரித்துப் போர்க்காலப் பயிற்சியிலேயே வளர்ந்த பறவை அது என்பது விளங்கும்.

அமைதிக் காலத்தில் பருவம் சுருங்கியதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 2020ஆம் ஆண்டு. மார்ச் 23 அன்று கொரோனாத் தொற்றை முன்னிட்டுப் பிரிட்டனில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது, மூத்த புறாக்களின் முதல் பந்தயத்துக்குச் சில வாரங்களே இருந்தன. உறுப்பினர்களில் பலர் முதியவர்களாக இருந்ததாலும், கூடைகளை ஒரே இடத்தில் கூடி ஒப்படைப்பதே பந்தயத்தின் நடைமுறை என்பதாலும், பந்தயங்கள் நிறுத்தப்பட்டன; புறாக்களைக் காரில் சிறு தொலைவு கொண்டுசென்று விட்டுப் பழக்கும் பயிற்சியும் தடைப்பட்டது. இங்கிலாந்தில் ஜூன் 1 அன்று பந்தயம் மீண்டும் தொடங்கியது. வழக்கமாக ஏப்ரல் நடுவிலிருந்து ஜூலை நடு வரை பதின்மூன்று வாரங்களைப் பெற்றுவந்த மூத்த புறாக்களுக்கு, அந்த ஆண்டு ஆறு அல்லது ஏழு வாரங்களே எஞ்சின.

அத்தகைய பருவத்தைத் திட்டமிடுவோர் முன் மூன்று வழிகள் உள்ளன. தொடக்கத்துக் குறுந்தூரப் பந்தயங்களை விட்டுவிட்டு நேராக நெடுந்தூரத்துக்குத் தாவுவது ஒன்று. மூத்தவற்றின் பந்தயங்களை ஆகஸ்டு வரை நீட்டி, இளையவற்றின் தொடக்கத்தைப் பின்தள்ளுவது மற்றொன்று. ஒரே வார இறுதியில் இரு வகையினரையும் தனித்தனிக் கூடைகளில் ஏற்றி இரு பந்தயங்களை நடத்துவது மூன்றாவது. முதல் வழி ஆபத்தானது. முந்தைய ஆண்டு பொரித்து மூத்த வரிசைக்கு அப்போதுதான் வந்த ஓராண்டுப் புறாக்கள், தசை இறுகுவதற்கும் பாதை பழகுவதற்கும் முன்பே நெடுவழியில் விடப்பட்டால் பெருமளவில் தொலைந்துபோகும். இரண்டாவது வழி சிறகுதிர்வோடு மோதுகிறது. வசந்தம் முழுவதும் பந்தயமின்றி இணையுடன் அடைகாத்திருந்த புறாக்கள், ஆகஸ்டில் சிறகுகள் பாதி மாறிய நிலையில் இருக்கும். மேலும், பின்தள்ளப்பட்ட இளம் புறாக்கள், பகல் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைந்து வானிலையும் நிலைகுலையும் செப்டம்பர் இறுதியை எதிர்கொள்ள நேரும். மூன்றாவது வழி பறவைக்கு ஏற்றதே எனினும், வண்டியின் இடமும் சங்கத்தின் பணமும் ஆட்களின் உழைப்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

பறவையின் நலனை முன்வைத்துச் சிந்திக்கும்போது ஒரு விடையே நிலைக்கிறது: பருவத்தின் நீளம் குறையும்போது அடைய வேண்டிய தூரத்தையும் குறைத்துக்கொள்வது, படிகளை மட்டும் ஒன்றும் விடாமல் வைத்திருப்பது. அறுபது மைலில் தொடங்கிய மூத்த புறா, எஞ்சிய வாரங்களில் முந்நூறு மைலை அடைந்தால் அது போதுமானது; ஐந்நூறு மைல் பந்தயம் அந்த ஆண்டு நடக்காததால் பறவைக்கு இழப்பு ஏதும் இல்லை. இளம் புறாவின் நிலையோ வேறு. கூடையில் பல புறாக்களோடு இரவைக் கழிப்பதும், கூடையிலேயே நீர் அருந்தக் கற்பதும், கூட்டத்திலிருந்து பிரிந்து தன் வீட்டுத் திசைக்குத் தனியே திரும்புவதும் முதல் ஆண்டிலேயே அது பயின்றாக வேண்டிய பாடங்கள். ஆகவே சுருங்கிய ஆண்டில் விட்டுக்கொடுக்க வேண்டியது மூத்தவற்றின் பெரும்பரிசே, இளையவற்றின் வாரங்கள் அல்ல.

சென்னையில் வெயிலுக்கு அஞ்சி ஹோமர் பந்தயங்களைக் குளிர் மாதங்களில் தொடங்குவதும், பிரிட்டனில் குளிருக்கு அஞ்சி வசந்தத்துக்காகக் காத்திருப்பதும் ஒரே அறிவின் இரு முகங்கள்: நாட்காட்டி பறவைக்காக ஏற்பட்டது. 2020 எனப் பொறித்த வளையத்தை அணிந்த குஞ்சுகள், அந்த ஆண்டு எத்தனை வாரங்கள் பறிபோயின என்பதைப் பொருட்படுத்தாமல், 2021 ஜனவரி முதல் நாளன்று மூத்த புறாக்கள் ஆயின. அடுத்த வசந்தத்தில் அவற்றைக் கூடையில் ஏற்றியவர்களுக்குத் துணை நின்றது, முந்தைய ஆண்டின் குறுகிய கோடையில் ஒரு படியையும் தாண்டாமல் அவற்றுக்குக் கற்பித்திருந்த வழி மட்டுமே.