கவர்னர் நாற்காலியும் தபால் தூரமும்

1874 ஏப்ரல் 15ஆம் தேதி அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கிலிருந்து ஜனாதிபதி கிராண்டுக்கு இரண்டு தரப்பிலிருந்தும் தந்திகள் பறந்தன. ஒரு தரப்பில் கையெழுத்து எலிஷா பாக்ஸ்டர், ஆர்கன்சா கவர்னர். மறு தரப்பில் கையெழுத்து ஜோசப் புரூக்ஸ், ஆர்கன்சா கவர்னர். ஒரே மாநிலம், ஒரே நாற்காலி, இரண்டு கவர்னர்கள். முன்னவரை அன்று பகலில்தான் ஆயுதம் தாங்கிய ஆட்கள் அலுவலகத்திலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். பின்னவர் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, படைக்கலக் கிடங்கில் இருக்கும் மாநிலத்தின் துப்பாக்கிகளைத் தம்மிடம் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டார். அடுத்த ஒரு மாதம் ஊர் இரண்டு பாசறையாகப் பிரிந்து கிடந்தது. முடிவு போர்க்களத்தில் வரவில்லை, வாஷிங்டனிலிருந்து கம்பி வழியாக வந்தது.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரச் சிறப்பு மலரில் ஆர்கன்சாவுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நம் கடற்கரைக்கு இந்தக் கதை புதிதல்ல. கவர்னர் யார் என்பதைச் சிப்பாய்களை வைத்துத் தீர்த்துக்கொள்வது சென்னைக் கோட்டையில் அதற்கு முன்பே நடந்திருக்கிறது, அதுவும் இரண்டு முறை, முதல் முறை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு. வித்தியாசம் ஒன்றுதான். அப்போது தந்தி இல்லை. மேலிடத்துப் பதில் வரும்வரை யார் கையில் சிப்பாயோ அவரே கவர்னர்.

முதல் சம்பவம் 1665இல். புனித ஜார்ஜ் கோட்டையின் தலைவராக இருந்த சர் எட்வர்ட் விண்டர் மீது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நம்பிக்கை போயிற்று. அவருக்குப் பதிலாக லண்டனிலிருந்து ஜார்ஜ் ஃபாக்ஸ்கிராஃப்ட் அனுப்பப்பட்டு அந்த ஆண்டு ஜூனில் வந்து சேர்ந்தார். விண்டர் இரண்டாம் இடத்துக்கு இறக்கப்பட்டார். செப்டம்பர் 16ஆம் தேதி, புதியவர் அரசருக்கு எதிராகத் துரோக வார்த்தை பேசினார் என்று குற்றம் சாட்டி, கோட்டைக் காவற்படையின் துணையோடு அவரைப் பிடித்து விண்டர் சிறையில் போட்டார். கைகலப்பில் வில்லியம் டாஸ் என்ற அதிகாரி உயிரிழந்தார். ஃபாக்ஸ்கிராஃப்டின் மகனும் தகப்பனோடு உள்ளே போனார். இங்கிலாந்தில் அரசரின் தலையை வெட்டி, பிறகு அவர் மகனை அழைத்து அரியணையில் அமர்த்தி ஐந்து ஆண்டுதான் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் ராஜத்துரோகம் என்ற சொல் எந்த வழக்கையும் தூக்கி நிறுத்திவிடும். விண்டருக்கு அது நன்றாகத் தெரியும்.

இங்கேதான் நம் மாவட்டம் கதைக்குள் வருகிறது. கோட்டைக்கு வடக்கே ஐம்பது அறுபது கிலோமீட்டரில் பழவேற்காடு. 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையிலிருந்து டச்சுக்காரர்கள் சோழமண்டலக் கரை முழுவதையும் நிர்வகித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பழவேற்காடுதான் பெரிய ஊர், சென்னை அதற்குப் போட்டியாக முளைத்த சின்னக் கடை. 1665இலிருந்து 1667வரை இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் கடலில் கடும் போர் வேறு. எதிரியின் தலைமையிடம் இவ்வளவு அருகில் இருக்க, சென்னைக் கோட்டை ஒரு கலகக்காரர் கையில். அவர் நெருக்கடியில் கோட்டைச் சாவியை வடக்கே கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று லண்டனில் கணக்குப் போட்டவர்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துச் செதுக்கல்களைப் பார்த்து வியக்கும் நாம், அந்த ஊர் சென்னையின் அரசியலில் இப்படி ஒரு நிழலாக நின்றதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

லண்டனுக்குச் செய்தி போய், அங்கே விசாரித்து, கப்பலேறிக் கட்டளை வந்து சேர 1668 ஆகஸ்ட் ஆனது. ஏறக்குறைய மூன்று ஆண்டு! உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு என்ற உறுதிமொழி பெற்றுக்கொண்ட பிறகே ஆகஸ்ட் 22ஆம் தேதி விண்டர் கோட்டையை ஒப்படைத்தார். ஃபாக்ஸ்கிராஃப்ட் சிறையிலிருந்து நேராக நாற்காலிக்குப் போனார். விண்டருக்குத் தண்டனை ஏதும் இல்லை. ஊர் திரும்பி 1686வரை வாழ்ந்தார். லண்டன் பேட்டர்சீ தேவாலயத்தில் அவர் நினைவுச் சின்னம் இன்றும் இருக்கிறது. வெறுங்கையால் புலியைக் கொன்ற வீரர் என்று அது புகழ்கிறது. கவர்னரைக் கொட்டடியில் அடைத்த பராக்கிரமத்தைக் கல்வெட்டில் சேர்க்க உறவினருக்கு மனம் வரவில்லை போலும்.

இரண்டாவது சம்பவம் இன்னும் பெரியது, இன்னும் அசிங்கமானது. 1773இல் கம்பெனிப் படையின் உதவியோடு ஆற்காட்டு நவாப் முகமது அலி தஞ்சாவூரைப் பிடுங்கிக்கொண்டார். அது தவறு என்று முடிவு செய்த லண்டன், ராஜா துளஜாவிடம் நாட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பிகட் பிரபுவை 1775 இறுதியில் கவர்னராக அனுப்பியது. பிகட் சென்னைக்குப் புதியவர் அல்ல. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்த கவர்னர் அவரே. 1776 ஏப்ரல் 11ஆம் தேதி தாமே தஞ்சாவூர் போய் ராஜாவை மீண்டும் அமர்த்தினார். உடனே பூதம் கிளம்பிற்று. பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர், தஞ்சாவூர் வருவாய் தமக்கு ஈடாக எழுதித்தரப்பட்டது, இரண்டு லட்சம் பவுனுக்கு மேல் வரவேண்டியிருக்கிறது என்று கணக்கு நீட்டினார். சிறிய சம்பளக்காரர் நவாபுக்குக் கொடுத்த கடன் இது என்றால், அந்தப் பணம் எங்கிருந்து முளைத்தது என்று யாரும் கேட்கலாம். கேட்கக்கூடிய ஆலோசனை சபை உறுப்பினர்களில் பலர் அதே கடன்காரர் கூட்டத்தோடு ஒட்டியவர்கள்.

அந்தப் பணம் தஞ்சாவூரோடு முடிந்த விஷயமும் அல்ல. பொன்னேரி, திருப்பாச்சூர் உள்ளிட்ட நம் பகுதி 1763இல் நவாப் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீரைச் சேர்ந்தது. கொடுத்த கையோடு அதையே குத்தகைக்குத் திரும்ப வாங்கிக்கொண்ட நவாப், 1780வரை இங்கே வரி தண்டினார். கடனில் மூழ்கிய குத்தகைதாரர் ஏர் பிடித்தவனிடம் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சபையில் பெரும்பான்மை ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் பக்கம். தஞ்சாவூருக்குக் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை அனுப்ப வேண்டும் என்றார்கள். பிகட் அந்தக் கட்டளையில் கையெழுத்திட மறுத்தார். ஸ்ட்ராட்டனும் ஹென்றி புரூக்கும் தாங்களே கையெழுத்துப் போட முனைந்தபோது, பிகட் ஒரு தந்திரம் செய்தார். இருவர் மேலும் குற்றச்சாட்டு வைத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தம் விஷயத்தில் வாக்களிக்க முடியாது. இரண்டு வாக்கு குறைந்ததும் எண்ணிக்கை சரிசமமாகி, கவர்னரின் முடிவு வாக்கு பலித்தது. ஆகஸ்ட் 22ஆம் தேதி இருவரும் இடைநீக்கம். மறுநாளே எதிர்க்கூட்டம் வேறிடத்தில் கூடி, நாங்களே அரசாங்கம் என்று படைத் தலைவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. பிகட்டும் அனைவரையும் நீக்கி, தலைமைத் தளபதி பிளெட்சரைக் கைது செய்யச் சொன்னார். கோட்டையில் இருந்த ஒவ்வொரு அதிகாரியின் கையிலும் அன்று இரண்டு அரசாங்கங்களின் கட்டளைகள் இருந்தன.

பிளெட்சர் நோயுற்றிருந்ததால் படைப்பொறுப்பு ஸ்டூவர்ட்டிடம் வந்தது. ஆகஸ்ட் 24ஆம் தேதி அவர் நடந்துகொண்ட விதம் சரித்திரத்தில் தனியாகக் குறிக்கத்தக்கது. காலையில் பிகட்டோடு சிற்றுண்டி. மதியம் பிகட்டோடு சாப்பாடு. மாலையில் பிகட்டின் வண்டியிலேயே பக்கத்தில் உட்கார்ந்து தோட்ட மாளிகைக்கு இரவு விருந்துக்குப் புறப்பட்டார். கோட்டையைத் தாண்டித் தீவுத்திடலில் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். மறிக்கச் சொன்னவர் வண்டிக்குள்ளேயே இருந்தார். கவர்னரைக் கீழே இறக்கிப் பரங்கிமலைக்குக் கொண்டுபோனார்கள். இன்று தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த இடத்தில் ஒரு கவர்னர் கைதானது தெரியும்?

இனி கடிதங்களின் காலம். வடக்குச் சாலையில், இன்றைய ஜி.என்.டி. சாலை போகும் செங்குன்றம், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டித் தடத்தில், கல்கத்தாவுக்குச் செய்தி போயிற்று. வாரக்கணக்கில் காத்திருந்த பின் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் சபை பெரும்பான்மைக் கூட்டத்தையே அங்கீகரித்தது. லண்டனுக்குப் போனது கப்பலில். அங்கே பங்குதாரர்கள் கூடிப் பேசி, வாக்கெடுத்து, மறுபடி பேசி, பிகட்டை மீண்டும் அமர்த்திவிட்டு உடனே அவரையும் எதிரிகளையும் ஊருக்கு அழைப்பது என்று 1777 ஜூனில் கட்டளை எழுதினார்கள். பிகட் காவலிலேயே நோயுற்று மே 11ஆம் தேதி இறந்துபோயிருந்தார். செத்தவரை நாற்காலியில் உட்கார வைக்கும் உத்தரவு அது. மரண விசாரணைக் குழு கொலை என்று தீர்ப்புச் சொன்னது, அது நிற்கவில்லை. ஸ்ட்ராட்டனுக்கும் மற்ற மூவருக்கும் 1780இல் இங்கிலாந்து நீதிமன்றம் விதித்த தண்டனை ஆளுக்கு 1000 பவுன் அபராதம். அவர்கள் கையில் புழங்கிய பணத்துக்கு அது வெற்றிலைப் பாக்குச் செலவு.

ஸ்டூவர்ட்டும் ராணுவ விசாரணையில் விடுதலையானார். சென்னைக்கே திரும்பி வந்து, 1781 புள்ளலூர்ப் போரில் ஒரு காலை இழந்து, பிறகு தலைமைத் தளபதியும் ஆனார். 1783 செப்டம்பரில் கவர்னர் மெகார்ட்னி அவரைக் கைது செய்து கப்பலேற்றினார். இந்த முறை கவர்னர் முந்திக்கொண்டார். 1786இல் லண்டனில் ஒற்றைக்காலோடு மரத்தில் சாய்ந்து நின்று மெகார்ட்னியைத் துப்பாக்கிச் சண்டையில் சுட்டுக் காயப்படுத்திய பிறகே ஸ்டூவர்ட்டுக்கு ஆத்திரம் தணிந்திருக்கும்.

1854-55இல் சென்னைக்குத் தந்தி வந்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுவரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் திருவள்ளூர் வழியாகப் போனது. 1870இல் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கடலடிக் கம்பி. அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து பினாங்குக்கு. மாதக்கணக்கில் எடுத்த பயணத்தைச் செய்தி சில மணி நேரத்தில் முடித்தது. அதன்பின் சென்னையில் ஒரு கர்னல் கவர்னரை வண்டியிலிருந்து இறக்கும் துணிவு யாருக்கும் வரவில்லை. மனிதர்கள் யோக்கியர்களாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. கேட்பவன் கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

ஆர்கன்சாவில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 1872 தேர்தலில் பாக்ஸ்டர் சுமார் 3000 வாக்கு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. புரூக்ஸ் வழக்குப் போட்டார். பதவியேற்ற பாக்ஸ்டர் தம்மைக் கொண்டுவந்த கோஷ்டி கேட்ட ரயில்வேப் பத்திரங்களுக்கு ஒப்புதல் தர மறுத்தார். உடனே அந்தக் கோஷ்டி புரூக்ஸ் பக்கம் சாய்ந்தது, புரூக்ஸின் பழைய ஆதரவாளர்கள் பாக்ஸ்டர் பக்கம் வந்தார்கள். ஆற்காட்டுக் கடன் பத்திரங்களை அறிந்த நமக்கு இதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? மாதக்கணக்கில் கிடந்த வழக்கில் திடீரென்று ஒரு மாவட்ட நீதிபதி புரூக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்ல, அன்றே ஆட்களோடு போய் அலுவலகத்தைப் பிடித்தார்கள். துரத்தப்பட்ட பாக்ஸ்டர் ஒரு விடுதியில் தலைமையிடம் அமைத்துப் படை திரட்டினார்.

ஊரில் மத்திய அரசின் சிறு படைப்பிரிவு ஒன்று இருந்தது. தலைவர் கேப்டன் தாமஸ் ரோஸ். அவர் இடத்தில் ஸ்டூவர்ட் இருந்திருந்தால் ஒரு கட்சியோடு சாப்பிட்டு மறு கட்சிக்கு வேலை செய்திருப்பார். ரோஸுக்கோ போர் அமைச்சர் பெல்நாப்பிடமிருந்து தந்தியில் கட்டளை வந்தது. அரசியல் சச்சரவில் எந்தப் பக்கமும் சேராதே, ரத்தம் சிந்தாமல் தடுக்க அவசியமானால் மட்டும் குறுக்கிடு என்பது அதன் சாரம். இரண்டு கவர்னர்களின் படைகளுக்கும் நடுவே தம் சிப்பாய்களை நிறுத்தி, நிலவரத்தைத் தந்தியில் எழுதிக்கொண்டிருந்தார் ரோஸ். அப்படியும் நகரத்துக்குள் துப்பாக்கி வெடித்தது. நியூ காஸ்கனியில் சண்டை நடந்தது. ஆற்றில் ஹாலி என்ற நீராவிப் படகின் மேல் தாக்குதல் நடந்தது. உயிர்கள் போயின. ஆனால் வாஷிங்டன் கட்டளையை மீறி ரோஸ் ஒரு அடி எடுத்துவைக்கவில்லை.

கவர்னர் தேர்தல் தகராறை முடிவு செய்ய வேண்டியது மாநிலச் சட்டமன்றமே என்று அட்டர்னி ஜெனரல் வில்லியம்ஸ் கருத்துச் சொன்னார். கூடிய சட்டமன்றமும் பாக்ஸ்டரை ஏற்றது. மே 15ஆம் தேதி ஜனாதிபதி கிராண்ட், பாக்ஸ்டரே கவர்னர், மற்றவர்கள் பத்து நாளில் கலைந்து போகவும் என்று அறிவித்தார். முப்பது நாளில் கதை முடிந்தது. விண்டர் விஷயத்துக்கு மூன்று ஆண்டு, பிகட் விஷயத்துக்கு ஓராண்டும் ஒரு பிணமும் தேவைப்பட்டன.

ஆனால் வேகமாக வந்த தீர்ப்பு சரியான தீர்ப்பா? அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அதே கிராண்ட், 1872இல் உண்மையில் வென்றவர் புரூக்ஸ்தான் என்று காங்கிரசுக்கு எழுதினார். காங்கிரஸ் அசையவில்லை. மேலிடத்துக்குக் கை நீளத் தந்தி உதவியது, கண் தெளியவில்லை. கவர்னர் நாற்காலியை இழந்த புரூக்ஸுக்கு கிராண்ட் கொடுத்த பதவி என்ன தெரியுமா? லிட்டில் ராக் போஸ்ட் மாஸ்டர். 1877இல் சாகும்வரை அதில் இருந்தார்.

நம் அரசியல் நிர்ணய சபையும் கவர்னரை மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்று முதலில் யோசித்து, 1949இல் அதைக் கைவிட்டு நியமனத்துக்கு மாறியது. மக்கள் வாக்கு பெற்ற கவர்னரும் மக்கள் வாக்கு பெற்ற முதல்வரும் ஒரே கோட்டைக்குள் மோதினால் என்ன ஆகும் என்ற கவலை அந்த விவாதத்தில் இருந்தது. நியமன கவர்னர்களால் மோதல் இல்லாமல் போய்விட்டதா என்பதை வாசகரின் தீர்ப்புக்கு விடுகிறேன்.

லிட்டில் ராக்கிலிருந்து போன தந்திகளும் வந்த பதில்களும் அமெரிக்கக் காங்கிரசின் முன் வைக்கப்பட்டு ஆவணமாயின. எந்த மாணவரும் படிக்கலாம். நம் கோட்டையின் சபைக் குறிப்புகளும் கடிதங்களும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. கணிசமானவை அச்சிலும் வந்துள்ளன. விண்டரின் மூன்று ஆண்டுகளில் பழவேற்காடு என்ன செய்தது, பிகட் கைதான மாதங்களில் பொன்னேரி ஜாகீரில் வரி எப்படித் தண்டப்பட்டது என்பதைத் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும். பொன்னேரி அரசுக் கல்லூரியில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு எழும்பூர் ரயிலில் போய்வரும் தூரம்தான். மலரை வெளியிடும் பெரியவர்கள் அடுத்த இதழுக்கு அவர்களில் இருவரையாவது அனுப்பி வைக்கட்டும், போக்குவரத்துச் செலவையும் ஏற்றுக்கொள்ளட்டும்.