முல்லைக்கொடியும் நம்ம திருக்கோவிலூரும்

பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரையே விட்டுவந்த பாரியின் பறம்புமலை, சிவகங்கைப் பக்கத்துப் பிரான்மலை என்பார்கள். கதையின் மீதி நம்ம மாவட்டத்தில்தான்.

மூவேந்தர் முற்றுகைக்குப்பின் பாரி மடிய, அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் அலைந்தார். விச்சிக்கோன் மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். வேந்தர்மேல் பயம்தான், வேறென்ன! கொடிக்குக் கிடைத்த கொம்பு அந்தப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களே பாடிய பாட்டு புறநானூற்றில் 112ஆவது.

திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. பாரியின் பெண்ணை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது அது. வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது புலவர் மரபு. தென்பெண்ணையாற்றுக் கபிலர் குன்றைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் இடமாம். எனக்கு உறுத்துவது வேறு. கல்வெட்டு ஒரு பெண்ணைத்தான் சொல்கிறது. இன்னொருத்தியைப் பற்றிப் பேச்சே இல்லை.