வார்த்தைப்பாடு

மகள் கன்னியர் மடத்தில் சேர்ந்து சில வருடம் ஆன வீட்டிலிருந்து ஒருநாள் அழைப்பிதழ் வரும். கல்யாணப் பத்திரிகைபோல மஞ்சள் தடவாவிட்டாலும் அதே கனத்த அட்டை, பெற்றோர் பெயர், திருப்பலி நேரம், மதிய விருந்து. நடுவில் கொட்டை எழுத்தில் ‘நித்திய வார்த்தைப்பாடு’ என்றிருக்கும். கத்தோலிக்கர் அல்லாத நண்பர் ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “வார்த்தை புரியுது, அதென்ன பாடு?” என்று என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி.

கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்றின்படி வாழ்வேன் என்று துறவியர் கடவுள்முன், சபையறியக் கொடுக்கும் வாக்குக்குத்தான் தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் இந்தப் பெயர். ‘வார்த்தை’ வடமொழியிலிருந்து வந்தது. அங்கே ‘வார்த்தா’ என்றால் செய்தி, நடப்பு. மலையாளத்திலும் தெலுங்கிலும் இன்றும் அது செய்திதான். தமிழில் மட்டும் அது வாயிலிருந்து வரும் சொல்லாகி, பிறகு தவறக் கூடாத வாக்காகவும் ஆனது. “வார்த்தை கொடுத்துட்டேன்” என்று சொன்னபின் நம் ஊரில் பேரம் கிடையாது.

‘பாடு’ படு என்ற வினையின் பிள்ளை. உடன்படுவது உடன்பாடு, கட்டுப்படுவது கட்டுப்பாடு. தான் சொன்ன சொல்லுக்குள் தானே அகப்படுவது வார்த்தைப்பாடு. அதே வினையிலிருந்துதான் துன்பப்படும் பாடும் வந்தது. பெரிய வெள்ளியன்று கோயிலில் வாசிக்கப்படுவது ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு. சொல்லைச் செய்தவர்கள் இந்த இரண்டாம் பொருளை எண்ணியிருக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ்க் காதுக்கு அது கேட்காமல் போகாது.

நம்மிடம் வேறு சொற்கள் இல்லாமலில்லை. வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்கள் செய்வது நேர்ச்சை. அதில் பெரும்பாலும் ஓர் ‘ஆல்’ ஒளிந்திருக்கும்: காய்ச்சல் இறங்கினால், பிள்ளை பிறந்தால். நேர்ந்ததைச் செலுத்தியதும் கடன் தீரும். வார்த்தைப்பாட்டில் அந்த ‘ஆல்’ இல்லை. விரதம் என்றிருக்கலாம், மலையாளக் கத்தோலிக்கர் ‘விரதவாக்தானம்’ என்றே சொல்கிறார்கள். ஆனால் தமிழில் விரதம் என்றதும் நினைவு வயிற்றுக்குப் போகிறது. துறவு என்ற சொல்லோ விட்டதைப் பேசுகிறது: வீடு, சொத்து, உறவு. வார்த்தைப்பாடு கொடுத்ததைப் பேசுகிறது. கொடுப்பதற்கு எதிரே வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். அதனால்தான் இந்தச் சொல் எனக்குத் துறவைவிட நெருக்கமாக இருக்கிறது.

மூன்று வாக்குகளில் ‘கற்பு’ வந்த வழி வியப்பானது. தொல்காப்பியத்தில் களவியலுக்கு அடுத்து நிற்பது கற்பியல். அங்கே கற்பு என்பது ஊரறிய மணந்து நடத்தும் இல்வாழ்க்கை. பிறகு அது மனைவியின் நெறியானது. கண்ணகியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இல்லறத்தின் அந்தச் சொல் மடத்து வாசலைத் தாண்டி, மணமாகாத ஆணும் பெண்ணும் கொடுக்கும் வாக்குக்குப் பெயராகியிருக்கிறது. பெண்ணின் தோளில் மட்டும் ஏற்றிவைத்த சொல்லை ஓர் ஆண், பீடத்தின்முன் மண்டியிட்டுத் தன்மேல் ஏற்றிக்கொள்வதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

கீழ்ப்படிதல் என்பதில் உடல் குனிகிறது. அதற்கு நிகரான இலத்தீன் சொல்லுக்கு அடியில் இருப்பதோ செவி, கேட்டல். நம் அம்மாக்கள் அதை எப்போதோ அறிந்தவர்கள்: “சொன்னா கேளு.”

வார்த்தைப்பாடு ஒரே நாளில் கொடுத்து முடிப்பதல்ல. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, நவசந்நியாசம் என்ற பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். பிறகு முதல் வார்த்தைப்பாடு, அதற்கு வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அது தற்காலிகமானது, பல சபைகளில் ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். குறைந்தது மூன்று வருடம் அப்படிப் போனபின், 21 வயதுக்கு மேல்தான் நித்திய வார்த்தைப்பாடு. இப்படிக் கொடுக்கும் வாக்கை நம்பித்தான் சபைகள் எழுகின்றன. புதுச்சேரியில் 1844-இல் இந்நாட்டுப் பெண்களைக் கொண்டு, பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தர ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியவர் பிரெஞ்சுக் குருவான துப்புய். முஸே என்ற குருவோடு சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி செய்தவரும் அவரே. சொற்களை எடைபோடத் தெரிந்த ஒருவர் பெண்களின் வாக்கை நம்பி ஒரு சபையை எழுப்பினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி.

நான் போயிருந்த சடங்கில், புனிதர்களின் மன்றாட்டுமாலை பாடி முடியும்வரை வாக்குக் கொடுக்க வந்த பெண் தரையில் முகங்குப்புறக் கிடந்தாள். எழுந்து, தன் கையால் எழுதிய தாளைத் தலைமை அன்னையின்முன் வாசித்தாள். தாள் நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. பிறகு பீடத்தின்மேலேயே வைத்துக் கையெழுத்திட்டாள்.

கையால் எழுதும் அந்த வழக்கம் 6-ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கின் 58-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எழுதத் தெரியாதவருக்கு வேறொருவர் எழுதித் தரலாம்; ஆனால் அடையாளக் குறியை அவரே இட்டு, தாளைத் தன் கையாலேயே பீடத்தில் வைக்க வேண்டும். அவர் உடுத்திவந்த பழைய துணியை மடத்தில் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறார் பெனடிக்ட். என்றாவது அவர் வெளியேறினால் அதை உடுத்தி அனுப்பலாம். எழுதிக் கொடுத்த தாளை மட்டும் திருப்பித் தரக் கூடாது. அது மடத்திலேயே இருக்கும்.