மலை கொண்டுபோன பெண்

நார்வே நாட்டுக் கிராமங்களில் பழங்கதை ஒன்று உண்டு. அந்தி மயங்கும் வேளையில் ஓர் இளம்பெண் காட்டில் வழி தவறிவிடுகிறாள். எங்கிருந்தோ ஒரு குரல் அழைக்கிறது. அதைத் தொடர்ந்து போனவளை மலை தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்கிறது. உள்ளே ட்ரோல் என்னும் பூதங்கள் வசிக்கின்றன. இப்படி மலை கொண்டுபோன ஆட்களுக்கென்றே அந்த மொழியில் ஒரு சொல் இருக்கிறது: 'பெர்க்டாட்'.

1995ஆம் ஆண்டில் ஆஸ்லோ நகரத்து வாலிபர்கள் சிலர் தங்கள் முதல் இசைத்தட்டுக்கு இந்தச் சொல்லையே பெயராக வைத்தார்கள். குழுவின் பெயர் 'உல்வர்'. ஓநாய்கள் என்று அர்த்தம். அவர்களுடைய சங்கீதம் 'பிளாக் மெட்டல்' என்ற வகை. அன்று அந்தப் பெயரைக் கேட்டாலே நார்வே ஜனங்களுக்குக் கதி கலங்கியது. காரணம் இல்லாமல் இல்லை.

1992 ஜூன் 6ஆம் தேதி, பெர்கன் நகரத்தை அடுத்த ஃபான்டாஃப்டில் ஒரு மரத் தேவாலயம் எரிந்து சாம்பலாயிற்று. 1150ஐ ஒட்டி ஃபோர்ட்டுன் என்ற ஊரில் கட்டி, 1883இல் ஃபான்டாஃப்டுக்குப் பெயர்த்துக் கொண்டுவந்த கோயில் அது. பிறகு வேறு தேவாலயங்களும் எரிந்தன. 1993இல் அந்த வட்டாரத்து வாத்தியக்காரர் ஒருவரை மற்றொருவர் கொலையே செய்துவிட்டார். கிறிஸ்தவம் வந்து எங்கள் முன்னோரின் நார்வேயை அழித்துவிட்டது என்பது தீ வைத்தவர்களில் சிலர் சொன்ன நியாயம்.

உல்வர் குழுவினருக்கும் பழமையின் மேல் மோகம்தான். ஆனால் அவர்கள் கையில் எடுத்தது நெருப்பு அல்ல, கதை. ஐந்து அத்தியாயங்கள், சுமார் 35 நிமிஷம். சூறைக்காற்றுப் போல இரையும் கிதார்கள் திடீரென்று ஓய்கின்றன, புல்லாங்குழல் எழுகிறது. ஓரிடத்தில் காட்டுக்குள் விரையும் காலடி ஓசை. 1976இல் பிறந்த கிறிஸ்டோஃபர் ரிக், இருபது வயது நிரம்பாதவர், மடத்துச் சந்நியாசிகள் கூடிப் பாடுவதுபோல் அடக்கமாகப் பாடுகிறார். அடுத்த கணம் தொண்டை கிழியக் கத்துகிறார்.

பாட்டின் மொழியும் பழையது. 1814 வரை சுமார் நானூறு வருஷம் நார்வே டென்மார்க்கோடு பிணைந்து கிடந்தது. எழுதப் படிக்க டேனிஷ் மொழிதான். பாதிரிமார் பிரசங்கம் செய்ததும், 1841 முதல் அஸ்ப்யோர்ன்சனும் மோவும் நாட்டுக் கதைகளைத் திரட்டி அச்சிட்டதும் அந்த எழுத்து மரபில்தான். அதன் சாயலில்தான் இந்த வாலிபர்களும் எழுதினார்கள்.

என்னை யோசிக்க வைப்பது இன்னொரு விஷயம். மலைக்குள் போனவர்களை மீட்க அந்த நாட்டுக் கிராமத்தார் ஒரு வைத்தியத்தைப் பெரிதாக நம்பினார்கள்: தேவாலய மணியை அடிப்பது. மணியோசை கேட்டால் மலை தன் பிடியைத் தளர்த்தும். பூதமும் மணியும் ஒரே கதையில் குடியிருந்தன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது. முன்னோரின் நார்வேயைக் காக்கிறோம் என்று கோயிலைக் கொளுத்தியவர்கள், முன்னோரின் கதையில் பாதியைக் கொளுத்தினார்கள் என்றே நான் சொல்வேன்.

உல்வரின் ஐந்தாம் அத்தியாயம் மலையின் அறைகளுக்குள் நம்மை இட்டுச் சென்று முடிகிறது. ஃபான்டாஃப்ட் தேவாலயத்தை 1997இல் பழைய மாதிரியே திரும்பக் கட்டிவிட்டார்கள். அச்சு அசலாக அதேதான். எண்ணூறு வருஷத்து மரம் மட்டும் திரும்பவில்லை.