சிப்பாயைத் தொடாத சட்டம்

ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் உதவியாளராக நான் இருந்த காலத்தில், விடுப்பு முடிந்து திரும்பும் ஜவான்கள் முதலில் எங்கள் எம்.ஐ. ரூமுக்குத்தான் (மருத்துவச் சோதனை அறை) வருவார்கள். எஃப்.எஃப்.ஐ. என்ற சோதனை பார்ப்போம். பால்வினைத் தொற்று ஏதுமில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். திரைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு கூச்சத்தோடு நிற்பார்கள். இரண்டு நிமிட வேலை. அதனால் யார் மானமும் போனதில்லை.

பிரிட்டிஷ் படையோ, சிப்பாய்க்கு இழுக்கு என்று இந்தச் சோதனையை 1859-இல் கைவிட்டது. ஐந்தே ஆண்டில், 1864-இன் கண்டோன்மென்ட் சட்டம் அதே சோதனையைப் பெண்கள்மேல் ஏவியது. பரங்கிமலை, திருச்சி, வெலிங்டன், கண்ணனூர் என்று படை தங்கிய பல இடங்களில் பால்வினை நோய்க்கான லாக் ஆஸ்பத்திரிகள். படைவீரர்களுக்கென்று ஒதுக்கிய பெண்களின் பெயரைப் பதிந்து, சீட்டுக் கொடுத்து, குறித்த நாளில் வரவழைத்துப் பார்ப்பார்கள். நோய் தென்பட்டால் உள்ளேயே அடைப்பு. மருந்து பாதரசம்: ஈறு வீங்கும், எச்சில் வழியும், பல் ஆடும்.

இத்தனை கொடுமைக்கும் பலன் இருந்ததா என்றால், இல்லை. சிஃபிலிஸ் புண் மருந்தே இல்லாமலும் ஆறிவிடும்; நோய் உடம்புக்குள் தங்கிவிடும். கொனோரியா பல பெண்களிடம் அறிகுறியே காட்டாது. அதன் கிருமியை நைசர் கண்டதே 1879-இல்தான். வெறும் கண்ணால் பார்த்து எதைப் பிடிப்பது? பிடித்துக் குணமாக்கியதாகவே வைத்துக்கொள்வோம். அவளிடம் மறுநாள் வருகிற சிப்பாயை யார் பார்த்தார்கள்? சட்டம் அமலில் இருந்த 1880-களிலேயே படையில் நோய் ஏறிக்கொண்டுதான் போனது.

1886-இல் தளபதி ராபர்ட்ஸ் பெயரில் ஒரு சுற்றறிக்கை வந்தது. படையோடு இருக்கும் பெண்கள் போதிய எண்ணிக்கையிலும் பார்வைக்கு நன்றாகவும் இருக்க வேண்டுமாம். படிக்கும்போது இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அது வெளியானதும் லண்டனில் கிளர்ச்சி எழுந்து, 1888-இல் இந்தச் சோதனைக்கு வழிவகுத்த தொற்றுநோய்ச் சட்டம் போனது. ஆனாலும் வழக்கம் போகவில்லை. எலிசபெத் ஆண்ட்ரூ, காத்தரின் புஷ்நெல் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் கண்டோன்மென்ட்களுக்கு நேரில் போய், அந்தப் பெண்களிடமே கேட்டு, 1893-இல் லண்டனில் சாட்சி சொன்னார்கள். முதலில் மறுத்த ராபர்ட்ஸ், பிறகு மன்னிப்புக் கேட்டார்.

1895-இல் இந்தியாவிலிருந்த ஆயிரம் பிரிட்டிஷ் வீரர்களுக்கு, இந்த நோய்களால் மட்டும் 500-க்கும் மேல் ஆஸ்பத்திரிச் சேர்க்கை. சிப்பாயிடமே நேராகப் பேசி, விளையாட்டு, பொழுதுபோக்கு என்று அவன் அன்றாடத்தை மாற்ற முனைந்தது கிச்சனர் தளபதியாக இருந்த காலத்தில். எண்ணிக்கை பல மடங்கு இறங்கியது. சிஃபிலிஸுக்கு உருப்படியான மருந்து கிடைக்க 1910-இன் சால்வர்சான்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பென்சிலின் அதற்கும் பிறகு.

எங்கள் டாக்டர் ஜவானுக்குப் பென்சிலின் ஊசி எழுதும்போதே, மனைவியையும் அழைத்து வரச் சொல்வார். இருவருக்கும் சேர்த்தே வைத்தியம்.